பழைய கம்ப்யூட்டரின் லேன் கார்டு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ராணிப்பேட்டை சிப்காட்டின் பழைய அலுவலகங்கள், ஆம்பூர், வாணியம்பாடி தோல் கம்பெனிகளின் கணக்கு அறைகள், காலேஜ் லேப்கள் என்று பல இடங்களிலிருந்து 386, 486, பென்டியம் மெஷின்கள் இன்னும் வெளியே வருகின்றன. ஃபிளாப்பி டிரைவை நம்ப முடியாது. உள்ளே இருக்கும் கணக்கை வெளியே எடுக்கக் கடைசியில் மிஞ்சுவது மெஷினை நெட்வொர்க்கில் இணைக்கும் லேன் கார்டுதான். அதில் "செத்துப்போச்சு" என்று ஒதுக்கும் கார்டுகளில் பல உயிரோடுதான் இருக்கும். அடையாளம் தெரியாமல் தப்பான கேபிளைச் செருகியிருப்பார்கள், அல்லது ஒரு ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைத்துச் செட்டிங்கை மாற்றும் சின்ன மூடி) இடம் மாறியிருக்கும். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் கண், பிறகு மல்டிமீட்டர், அதற்குப் பிறகு செட்டிங், கடைசியில்தான் காசு.

கையில் இருக்க வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்க மொபைல் கேமரா, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு, 50 ஓம் டெர்மினேட்டர் (லைனின் முனையை மூடும் தொப்பி) 2, பிஎன்சி டி (டி வடிவ இணைப்பான்) 1, பழைய 10/100 சுவிட்ச் ஒன்று, நேர் கேபிள் ஒன்று, கிராஸ் கேபிள் (அனுப்பும், வாங்கும் ஜோடிகளை இடம் மாற்றிக் கோர்த்தது) ஒன்று. கார்டைக் கழற்றும் முன் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். ஏடிஎக்ஸ் வகை எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) உள்ள மெஷினில் சுவிட்சை அணைத்தாலும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மதர்போர்டில் நிற்கும்.

## அறிகுறி: பின்னால் சாக்கெட் இருக்கிறது, அது லேன்தானா என்று தெரியவில்லை

சதுர பிளாஸ்டிக் சாக்கெட். 8 தொடர்பு இருந்தால் ஆர்ஜே-45. அகலம் குறைந்து 2 அல்லது 4 தொடர்பு இருந்தால் ஆர்ஜே-11, அதாவது மோடம். ஒரே கார்டில் இரண்டு ஆர்ஜே-11 பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்று லைன், ஒன்று போன், சந்தேகமே வேண்டாம். ஆனால் ஆர்ஜே-45 இருப்பதாலேயே அது ஈதர்நெட், அதாவது இன்றைய சாதாரண லேன் ஆகிவிடாது. ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் டெலிபோன்) கார்டிலும், டோக்கன் ரிங் (ஐபிஎம்மின் பழைய லேன் வகை) கார்டிலும் அதே சாக்கெட்தான். ஈதர்நெட் 1, 2, 3, 6 பின்களைப் பயன்படுத்தும். டோக்கன் ரிங் 3, 4, 5, 6. சாக்கெட்டின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மலிவான கார்டுகளில் தேவையான பின்களுக்கு மட்டும் கம்பி வைத்திருப்பார்கள், பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இரண்டு ஆர்ஜே-45 உள்ள ஹெச்பி கார்டு கிடைத்தால் கவனம். ஒன்று சாதாரண 10பேஸ்-டி (10 மெகாபிட் ஈதர்நெட்), இன்னொன்று 100விஜி-எனிலேன். இரண்டாவதை இன்றைய சுவிட்சில் செருகினால் லிங்க் வரவே வராது. அந்த நெட்வொர்க் வகை 1990களிலேயே தோற்றுப்போனது.

15 துளை உள்ள டி வடிவ சாக்கெட். இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சவுண்ட் கார்டின் கேம் போர்ட்டும் 15 துளை, ஏயூஐ போர்ட்டும் (கேபிளுக்கு ஏற்ற வெளி டிரான்ஸீவர் பெட்டியைச் செருகும் ஈதர்நெட் சாக்கெட்) 15 துளை, அளவும் ஒன்றே. வித்தியாசம் ஓரத்தில் இருக்கிறது. கேம் போர்ட்டின் இரு பக்கமும் ஆறுமுக நட்டு இருக்கும். ஏயூஐயில் நட்டுக்குப் பதிலாகப் பக்கவாட்டில் நகரும் தகட்டுப் பூட்டு இருக்கும். தகடு உடைந்து விழுந்திருந்தால் கார்டின் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஆடியோ ஜாக்குகள் என்றால் கேம் போர்ட், பிஎன்சி அல்லது ஆர்ஜே-45 என்றால் ஏயூஐ. மூன்று வரிசையாக 15 துளை இருந்தால் அது விஜிஏ மானிட்டர். இந்தக் கணக்கிலேயே வராது.

9 பின் உள்ள டி வடிவ சாக்கெட். ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சீரியல் போர்ட். துளையாக இருந்தால் பழைய சிஜிஏ, இஜிஏ வீடியோ கார்டாக இருக்கலாம், டோக்கன் ரிங்காகவும் இருக்கலாம். கார்டின் மேல் ஐபிஎம் எழுத்தும் 32 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும், அல்லது டிஎம்எஸ்380 என்று தொடங்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பும் இருந்தால் டோக்கன் ரிங். அதற்கு எதிர்ப்பக்கம் எம்ஏயூ பெட்டி, அதாவது டோக்கன் ரிங்கின் ஹப் வேண்டும். ஈதர்நெட் சுவிட்சில் ஒட்டாது. வேறு கார்டு போடுவதுதான் மலிவு.

பிஎன்சி, அதாவது திருகிப் பூட்டும் வட்டச் சாக்கெட். ஈதர்நெட் 10பேஸ்2 (கோஆக்சியல் கேபிளில் ஓடும் பழைய ஈதர்நெட்) ஆக இருக்கலாம், ஆர்க்நெட் என்ற வேறொரு பழைய லேன் ஆகவும் இருக்கலாம். ஆர்க்நெட் கார்டில் 8 குமிழ் உள்ள டிப் சுவிட்ச் பின்தகட்டிலோ ஓரத்திலோ இருக்கும்; அது அந்த மெஷினின் எண், 1 முதல் 255 வரை. சிப்பில் காம்9026 அல்லது காம்20020 என்றிருந்தால் உறுதி. ஆர்க்நெட்டுக்கு 93 ஓம் ஆர்ஜி-62 கேபிள், வேகம் 2.5 மெகாபிட். ஈதர்நெட் 10பேஸ்2க்கு 50 ஓம் ஆர்ஜி-58, வேகம் 10 மெகாபிட். சாக்கெட் பொருந்துகிறது என்பதற்காக இரண்டையும் கோர்க்காதீர்கள்.

சின்ன வட்டச் சாக்கெட். 6 துளை என்றால் கீபோர்டு, மவுஸ். ஆப்பிள் மெஷினில் 8 துளை என்றால் லோக்கல்டாக், ஆப்பிளின் பழைய நெட்வொர்க். அதே ஆப்பிளில் தட்டையாக 14 தொடர்புள்ள சின்ன சாக்கெட் ஏஏயூஐ, ஆப்பிளின் ஏயூஐ. அதற்கென்றே ஒரு டிரான்ஸீவர் வேண்டும்.

## அறிகுறி: கார்டில் கம்பெனிப் பெயரே இல்லை, எந்த டிரைவர் போடுவது?

பெட்டியின் மேல் போட்ட பெயரை விட்டுவிடுங்கள். டிரைவர் பேசுவது சிப்போடு. கார்டில் உள்ள பெரிய சதுரச் சிப்பின் எழுத்தைப் படியுங்கள். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரில் இளஞ்சூடு காட்டி மெதுவாக உரியுங்கள். வெயிலில் வைத்தாலும் போதும், நம் ஊர் மே மாத வெயிலுக்கு ஹேர் டிரையரே தேவையில்லை.

இந்தப் பக்கம் அடிக்கடி கைக்கு வருபவை இவைதான். டிபி8390 அல்லது டிபி83905 இருந்தால் பெரும்பாலும் என்இ1000, என்இ2000 வகை (பலரும் நகலெடுத்த நாவல் கம்பெனிக் கார்டு). ஆர்டிஎல்8019 இருந்தால் ஐஎஸ்ஏ ஸ்லாட்டுக்கான என்இ2000 நகல். ஆர்டிஎல்8029 இருந்தால் பிசிஐ ஸ்லாட்டில் அதே என்இ2000. ஆர்டிஎல்8139 இருந்தால் 10/100 பிசிஐ கார்டு, பென்டியம் காலத்து அசெம்பிள்டு மெஷின்களில் சர்வ சாதாரணம். இன்டெல் 82557, 82558, 82559 என்றால் புரோ/100 குடும்பம். டிஇசி 21040, 21140, 21143 என்றால் டியூலிப். ஏஎம்டி ஏஎம்79சி960, ஏஎம்79சி970 என்றால் பிசிநெட். 3காம் கார்டில் சிப் பார்க்கவே வேண்டாம். 3சி509, 3சி905 என்று போர்டிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

சிப் எழுத்து அழிந்திருந்தால் இன்னும் மூன்று வழி உண்டு. முதலாவது கிரிஸ்டல், வெள்ளி நிறத் தகரக் குப்பி. 20.000 என்றிருந்தால் 10 மெகாபிட் ஈதர்நெட், 25.000 என்றிருந்தால் 100 மெகாபிட் அல்லது அதற்கு மேல். ஆர்க்நெட்டும் 20 மெகாஹெர்ட்ஸ் வைத்திருக்கும், அதனால் பிஎன்சி மட்டும் உள்ள கார்டில் இதை மட்டும் நம்பாதீர்கள். இரண்டாவது, 12 இலக்க எம்ஏசி எண் (ஒவ்வொரு கார்டுக்கும் தனியான அடையாள எண்) உள்ள ஸ்டிக்கர். முதல் ஆறு இலக்கம் தயாரிப்பாளரைச் சொல்லும்: 00-00-1பி நாவல், 00-இ0-4சி ரியல்டெக், 00-60-8சி, 00-ஏ0-24 இரண்டும் 3காம், 00-00-சி0 வெஸ்டர்ன் டிஜிட்டல், 00-ஏஏ-00 இன்டெல், 08-00-2பி டிஇசி. மூன்றாவது எஃப்சிசி ஐடி, அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் அனுமதி எண். அதன் முன்பகுதி யார் அனுமதி வாங்கினார்கள் என்பதைக் காட்டும். அமெரிக்க எஃப்சிசி தளத்தில் தேடினால் கம்பெனி தெரிந்துவிடும்.

ஆர்ஜே-45க்கு நேர் பின்னால் கறுப்பு நீள்சதுரப் பெட்டி, மேலே வேலர், பல்ஸ் அல்லது ஒய்சிஎல் என்று எழுத்து இருந்தால் அது தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர். லேன் என்பதற்கு நல்ல சாட்சி. அதே இடத்தில் "டிக்" என்று அடிக்கும் ரிலே இருந்தால் மோடம்.

## அறிகுறி: கார்டு ஸ்லாட்டில் இறங்கவில்லை

பலம் கொடுக்காதீர்கள். கறுப்பு ஸ்லாட், ஏறக்குறைய 8.5 செ.மீ. என்றால் 8 பிட் ஐஎஸ்ஏ. அதே கறுப்பு, பின்னால் இன்னொரு துண்டு சேர்ந்து சுமார் 14 செ.மீ. என்றால் 16 பிட் ஐஎஸ்ஏ. வெள்ளை, அடர்த்தியான பின்கள் என்றால் பிசிஐ. பழுப்பு நிறத்தில் பின்தகட்டிலிருந்து தள்ளி நிற்பது ஏஜிபி, வீடியோவுக்கு மட்டும். 16 பிட் ஐஎஸ்ஏவின் தொடர்ச்சியாக அதே வரிசையில் இன்னொரு ஸ்லாட் நின்றால் விஎல் பஸ். சாதாரண ஐஎஸ்ஏ லேன் கார்டு அதன் ஐஎஸ்ஏ பகுதியில் உட்காரும்.

பிசிஐ கார்டின் தங்க விளிம்பில் வெட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின்தகட்டுக்கு அருகில் மட்டும் வெட்டு இருந்தால் 3.3 வோல்ட் கார்டு, பழைய 5 வோல்ட் ஸ்லாட்டில் இறங்காது. தூரத்தில் மட்டும் இருந்தால் 5 வோல்ட். இரண்டு வெட்டும் இருந்தால் இரண்டிலும் போகும். ஆனால் இறங்கியும் 486 அல்லது முதல் கால பென்டியம் போர்டில் சில பிற்காலக் கார்டுகள் மூச்சு விடாது. காரணம், அந்த ஸ்லாட்டில் 3.3 வோல்ட் சப்ளையே இழுத்திருக்க மாட்டார்கள். அதற்குப் பழுது எதுவும் இல்லை; ஆர்டிஎல்8029 மாதிரி பழைய தலைமுறைக் கார்டுக்கு மாறுங்கள்.

ஐபிஎம் பிஎஸ்/2 மெஷின்களில் இருப்பது மைக்ரோ சேனல். அதற்கு அதே வகைக் கார்டும், அந்தக் கார்டின் ஏடிஎஃப் ஃபைல் (செட்டிங் விவரம்) உள்ள ரெஃபரன்ஸ் டிஸ்க்கும் வேண்டும். டிஸ்க் இல்லாமல் கார்டைப் போட்டால் 165 என்ற பிழை எண் வந்து நிற்கும். அந்த மெஷினை எடுத்துக் கையாளத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: கார்டு உள்ளே இருக்கிறது, மெஷின் பார்க்கவே இல்லை

முதல் சந்தேகம் விளிம்புத் தொடர்பு. தோல் பதனிடும் இடங்களுக்குப் பக்கத்தில் இருந்த மெஷின்களில் இது தனி வியாதி. காற்றில் கலக்கும் கந்தகக் காற்று செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். தங்கப் பூச்சு தேய்ந்த இடத்தில் கறுப்புத் திட்டு தெரியும். ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஒரே திசையில் துடைத்து, உலர்ந்த பின் கார்டைச் செருகி எடுத்து மறுபடி செருகுங்கள். அழி ரப்பர் கடைசி வழி. அதிகம் தேய்த்தால் மிஞ்சிய தங்கமும் போய்விடும். பின்தகட்டு ஸ்க்ரூவை முடுக்கும்போது கார்டின் மறுமுனை தூக்கிக்கொள்கிறதா என்றும் பாருங்கள். வளைந்த கேபினெட்களில் இதுவே முழு வியாதி.

பிசிஐ கார்டு என்றால் வேறு ஸ்லாட்டில் போடுங்கள். பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம்) காட்டும் அட்டவணையில் வென்டர் எண் வருகிறதா? 8086 இன்டெல், 1011 டிஇசி, 1022 ஏஎம்டி, 1106 வியா, 10இசி ரியல்டெக், 10பி7 3காம். எண் வந்தால் கார்டு உயிரோடு இருக்கிறது, டிரைவர்தான் தேவை. இரண்டு மெஷினில், இரண்டு ஸ்லாட்டில் போட்டும் எண் வராவிட்டால் கார்டைத் தூக்கி எறியலாம்.

ஐஎஸ்ஏ கார்டு என்றால் கதை வேறு. அது தானாக அறிவித்துக்கொள்ளாது. ஐ/ஓ முகவரியும் (மெஷின் கார்டைத் தேடும் இடம்) ஐஆர்கியூவும் (கார்டு மெஷினைக் கூப்பிடும் கம்பி) நீங்கள் சொல்ல வேண்டும். என்இ2000 கார்டுகள் தொழிற்சாலையில் பெரும்பாலும் முகவரி 300, ஐஆர்கியூ 3 என்று வரும். ஐஆர்கியூ 3 இரண்டாவது சீரியல் போர்ட்டுக்குச் சொந்தம், மோதும். ஐஆர்கியூ 5ல் சவுண்ட் கார்டு உட்கார்ந்திருக்கும். 7 பிரிண்டர் போர்ட். 16 பிட் கார்டு என்றால் 10க்கு மாற்றிவிடுங்கள், அது பெரும்பாலும் காலி. 8 பிட் கார்டுக்கு 10 என்ற கம்பியே கிடையாது. பயாஸில் காம்2ஐ, அதாவது அந்த இரண்டாவது சீரியல் போர்ட்டை அணைத்துவிட்டு 3லேயே வைப்பது அதற்கு எளிது.

முகவரியில் ஒரு பொறி இருக்கிறது. என்இ2000 ஒரு முகவரியை மட்டும் பிடிப்பதில்லை, தொடர்ந்து 32 இடங்களைப் பிடிக்கும் (முகவரிகள் எல்லாம் 16 அடிமான ஹெக்ஸ் எண்கள்). 360 என்று வைத்தால் 37எஃப் வரை போய் 378ல் இருக்கும் பிரிண்டர் போர்ட்டை மிதிக்கும். 320 வைத்தால் 33எஃப் வரை போய், 330ல் உள்ள சவுண்ட் கார்டின் மிடி போர்ட்டையோ ஸ்கஸி கார்டையோ மிதிக்கும். 300 அல்லது 340 பாதுகாப்பு. "லேன் போட்டதும் பிரிண்டர் நின்றுவிட்டது" என்று யாராவது சொன்னால் முதலில் 360ஐத் தேடுங்கள்.

ஜம்பரே இல்லாத கார்டுகளில் செட்டிங் கார்டிலேயே ஒரு சின்ன எட்டுக்கால் ஈஈபிராம் நினைவகச் சிப்பில், 93சி46 என்ற எழுத்தோடு இருக்கும். 3சி509, ஆர்டிஎல்8019 இரண்டும் இப்படித்தான். இவற்றின் டாஸ் செட்டப் புரோகிராமை வெறும் டாஸில், மெமரி மேனேஜர் எதுவும் ஏற்றாமல் ஓட்டி, பிளக் அண்ட் பிளேயை அணைத்து, முகவரியையும் ஐஆர்கியூவையும் கையால் எழுதிச் சேமியுங்கள். டாஸ் மெஷினில் பிளக் அண்ட் பிளே உதவியைவிடத் தொல்லைதான் அதிகம். பிளக் அண்ட் பிளே தெரிந்த பயாஸ் என்றால் அந்த ஐஆர்கியூவை "லெகசி ஐஎஸ்ஏ" என்று ஒதுக்கிவைக்க மறக்காதீர்கள். சிமாஸ் பேட்டரி (பயாஸ் செட்டிங்கைக் காப்பது) செத்த மெஷினில் அந்த ஒதுக்கீடு ஒவ்வொரு முறையும் அழிந்துபோகும். நேற்று ஓடிய கார்டு இன்று காணாமல்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

## அறிகுறி: டிரைவர் ஏறுகிறது, எம்ஏசி எண் முழுக்க எஃப்எஃப்

எல்லாம் எஃப்எஃப் என்றால் டிரைவர் தேடும் முகவரியில் கார்டு இல்லை என்பதே பெரும்பாலும் பொருள். ஜம்பரில் உள்ள முகவரியும் டிரைவருக்குக் கொடுத்த முகவரியும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தும் அதே விடை என்றால் ஈஈபிராம் அழிந்திருக்கும். செட்டப் புரோகிராமில் எம்ஏசியைத் திரும்ப எழுத வழி இருந்தால் ஸ்டிக்கரில் உள்ள எண்ணையே எழுதுங்கள். வழி இல்லை என்றால் ஈஈபிராம் புரோகிராமர் வைத்திருப்பவரிடம் போக வேண்டும். சாதாரண என்இ2000 நகலுக்கு அந்தச் செலவு வீண்.

எம்ஏசி சரியாக வருகிறது, ஆனால் ஒரு பாக்கெட்கூட உள்ளே வரவில்லை என்றால் பெரும்பாலும் முகவரி சரி, ஐஆர்கியூ தப்பு. இந்த இரண்டு விடைகளையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி நேரம் மிச்சம்.

## அறிகுறி: கார்டு தெரிகிறது, ஆர்ஜே-45ல் லிங்க் விளக்கு எரியவில்லை

முதலில் கேபிள். பழைய கார்டுகளுக்குத் தானாகக் கம்பி மாற்றிக்கொள்ளத் தெரியாது. கார்டிலிருந்து ஹப்புக்கு நேர் கேபிள். கார்டிலிருந்து இன்னொரு பழைய கார்டுக்கு நேரடியாக என்றால் கிராஸ் கேபிள். ஹப்பில் "அப்லிங்க்" பொத்தான் அழுத்தியிருந்தால் கதை தலைகீழாகும்.

அடுத்தது கிரிம்பிங், அதாவது பிளக்கில் கம்பிகளை அடித்த வரிசை. சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. "இரண்டு முனையும் ஒன்றாக இருந்தால் போதும்" என்று ஜோடி ஜோடியாக 1-2, 3-4, 5-6, 7-8 அடித்த கேபிள்கள் பழைய லேப்களில் இன்னும் சுவருக்குள் இருக்கின்றன. விளக்கு வைத்த டெஸ்டர் எட்டும் சரி என்று காட்டும். ஆனால் 3, 6 இரண்டும் வேறு வேறு ஜோடியில் போவதால் இரைச்சல் ஏறும். குட்டை கேபிளில் ஓடும், நீளமானால் அறுந்து அறுந்து வரும். வெட்டித் திரும்ப அடியுங்கள்.

மூன்றாவது, ஆர்ஜே-45, பிஎன்சி, ஏயூஐ மூன்று சாக்கெட்டும் உள்ள காம்போ கார்டு. எந்தச் சாக்கெட் என்பதை ஜம்பரோ செட்டப் புரோகிராமோ தீர்மானிக்கும். கார்டு பிஎன்சியில் நிற்கும்போது ஆர்ஜே-45ல் எவ்வளவு நல்ல கேபிள் போட்டாலும் விளக்கு எரியாது. பழைய நகல்களில் இந்த ஜம்பர்கள் ஆறேழு சேர்ந்து ஒரே வரிசையாக இருக்கும். வரிசை முழுவதையும் சேர்த்து நகர்த்த வேண்டும், ஒன்றை விட்டாலும் வேலை செய்யாது.

நான்காவது எதிர்ப்பக்கம். ஜிகாபிட் சுவிட்ச்களில் பெரும்பாலானவை 10 மெகாபிட்டையும் ஏற்கும். 2.5 ஜி, 10 ஜி போர்ட்கள் பல 10ஐ விட்டுவிட்டன. பழைய 10/100 சுவிட்ச் ஒன்றை இடையில் வைத்தால் தீர்ந்தது.

இதெல்லாம் சரி என்றால் இடி. ஏப்ரல், மே கோடை மழைக்கு முன் வரும் இடியில், கட்டடம் விட்டுக் கட்டடம் இழுத்த கேபிளின் முனையில் இருக்கும் கார்டுகள்தான் முதலில் போகும். மெஷினை அணைத்து, கேபிளைக் கழற்றி, ஒரு துண்டுக் கேபிளைச் செருகி அதன் மறுமுனையில் அளவிடுங்கள்: 1க்கும் 2க்கும் இடையே, 3க்கும் 6க்கும் இடையே ஓரிரு ஓம் காட்ட வேண்டும். எங்காவது திறந்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் சுருள் எரிந்துவிட்டது. அதை மாற்றுவது சாலிடரிங் தெரிந்தவருக்கு அரைமணி வேலை. ஆனால் பின்னால் உள்ள சிப்பும் போயிருக்கலாம், அதனால் அரிய கார்டு என்றால் மட்டும் கொடுங்கள். ஒரே இடியில் இரண்டு மூன்று மெஷின் போயிருந்தால் கார்டை விடுங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: லிங்க் இருக்கிறது, வேகம் நத்தை

10 மெகாபிட்டின் உச்சமே நொடிக்கு ஒரு மெகாபைட்டுக்குச் சற்று மேல்தான். 386ல் அதில் பாதி வந்தால் நிறைவு. அதற்கும் மிகக் குறைவாக, பெரிய ஃபைலில் மட்டும் தடுமாறினால் டூப்ளெக்ஸ் பொருந்தவில்லை (இருபக்கமும் ஒரே நேரத்தில் பேசுவது ஃபுல், மாறி மாறிப் பேசுவது ஹாஃப்). கார்டை யாரோ "ஃபுல் டூப்ளெக்ஸ்" என்று கட்டாயப்படுத்தியிருப்பார்கள். பேச்சு நடத்தத் தெரியாத கார்டைக் கண்ட சுவிட்ச் தானாக ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். கார்டையும் ஹாஃப் ஆக்குங்கள்.

## அறிகுறி: பிஎன்சி லைனில் ஒரு மெஷின் போனால் எல்லாம் போகிறது

10பேஸ்2ல் எல்லா மெஷினும் ஒரே கம்பியில் கோர்த்த மணி. ஓரிடத்தில் அறுந்தால் எல்லாம் சிதறும். எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டரே போதும்.

எல்லா மெஷினையும் அணையுங்கள். ஏதாவது ஒரு டியை கார்டிலிருந்து கழற்றி, நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே ஓம் அளவிடுங்கள்.

25 ஓம் அருகில் வந்தால் இரண்டு டெர்மினேட்டரும் நல்ல நிலையில், கேபிளும் நலம். நீளமான லைனில் ஓரிரு ஓம் கூடும்.

50 அருகில் வந்தால் ஒரு பக்கம் டெர்மினேட்டர் இல்லை, அல்லது அந்தப் பக்கம் கேபிள் அறுந்திருக்கிறது.

37 அல்லது 38 வந்தால் யாரோ இரண்டு முனையிலும் சிசிடிவி கடையில் 75 ஓம் டெர்மினேட்டர் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். 30 வந்தால் ஒரு முனையில் மட்டும் 75.

பூஜ்யம் அருகில் வந்தால் எங்கோ வலைக்கம்பியின் ஒரு இழை நடு ஊசியைத் தொடுகிறது. பெரும்பாலும் கையால் அடித்த பிஎன்சி ஒன்றில்.

முடிவே இல்லாமல் போனால் இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது.

இடம் பிடிக்கப் பாதியாக வெட்டிப் பாருங்கள். நடுவில் உள்ள டியில் இரண்டு கேபிளையும் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியே அளவிடுங்கள். இரண்டிலும் 50 வர வேண்டும். வராத பக்கத்தை மறுபடி பாதியாக்குங்கள். பத்து மெஷின் லைனில் மூன்று நான்கு அளவீட்டிலேயே கோளாறு உள்ள துண்டு மாட்டிவிடும். அளவிடும்போது இணைப்புகளை அசையுங்கள்; எண் துள்ளினால் அதுதான் ஆள்.

ஓம் எல்லாம் சரியாக இருந்தும் லைன் தடுமாறினால் விதிமீறலைத் தேடுங்கள். டி நேரே கார்டில் உட்கார வேண்டும். டியிலிருந்து கார்டுக்கு ஒரு துண்டு கேபிள் இழுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு செக்மென்ட் 185 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 30 மெஷினுக்கு மேல் கூடாது. இரண்டு மெஷினுக்கு இடையே அரை மீட்டராவது கேபிள் வேண்டும். லைன் ஒரே ஒரு இடத்தில் மட்டும் எர்த் ஆகலாம். டியின் உலோகம் கேபினெட்டைத் தொட்டால் இரண்டாவது எர்த் வந்துவிடும், ரப்பர் மூடி போடுங்கள்.

கேபிளின் தோலில் அச்சைப் படியுங்கள். ஆர்ஜி-58 ஏ/யு அல்லது ஆர்ஜி-58 சி/யு என்றிருக்க வேண்டும். நடுவில் யாரோ ஒட்டுப்போட்ட ஆர்ஜி-59 அல்லது ஆர்ஜி-6, அதாவது கேமரா வயர், டிவி வயர் இருந்தால் அங்கே சிக்னல் திரும்பி அடிக்கும். இப்போதெல்லாம் கடையில் வெறும் "பிஎன்சி குடுங்கண்ணா" என்றால் கேமரா பொருள்தான் கைக்கு வரும். "அம்பது ஓம், ஆர்ஜி ஐம்பத்தெட்டுக்கு" என்று சொல்லிக் கேளுங்கள், வாங்கிய கையோடு டெர்மினேட்டரை மீட்டரில் வைத்துப் பாருங்கள். வேலூரில் கிடைக்காவிட்டால் காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவோ, பெங்களூரு எஸ்.பி. ரோடோ போக வேண்டியதுதான்.

லைன் சரி, ஒரு கார்டு மட்டும் பேசவில்லை என்றால் அந்தக் கார்டைத் தனியாகச் சோதியுங்கள். பிஎன்சியில் டி, டியின் இரு முனையிலும் டெர்மினேட்டர், பிறகு கார்டின் டயக்னாஸ்டிக் புரோகிராம். டெர்மினேட்டர் இல்லாமல் சோதித்தால் நல்ல கார்டும் "மோதல் அதிகம்" என்று தோற்கும். இதை நம்பித்தான் பல நல்ல கார்டுகள் குப்பைக்குப் போயின. டெர்மினேட்டர் போட்டும் தோற்றால் கார்டில் டிபி8392 என்ற டிரான்ஸீவர் சிப்பையும், பக்கத்தில் உள்ள சின்னச் செங்கல் போன்ற டிசி-டிசி கன்வெர்ட்டரையும் பாருங்கள். கன்வெர்ட்டர் வெளியீட்டில் 9 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் கன்வெர்ட்டர் போச்சு, வந்தும் பேசாவிட்டால் சிப் போச்சு. இரண்டும் மாற்றக்கூடியவைதான், ஆனால் பல கால்களை ஒன்றாக உருக்கிக் கழற்றும் வேலை. அதே கார்டில் ஆர்ஜே-45 இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள். அந்தச் சாக்கெட்டுக்கு இந்த 9 வோல்ட் தேவையில்லை.

## அறிகுறி: ஏயூஐயில் டிரான்ஸீவர் செருகினால் உயிரே இல்லை

டிரான்ஸீவரின் விளக்கு எதுவும் எரியவில்லை என்றால் அதற்கு 12 வோல்ட் போகவில்லை. 13ஆம் பின்னில் 12 வோல்ட், 6ஆம் பின் திரும்பும் வழி. அளவிடும்போது பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடாதீர்கள். மின்சாரம் இல்லை என்றால் கார்டில் ஏயூஐக்கு அருகில் உள்ள சின்ன ஃபியூஸ், பிறகு எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட். விளக்கு எரிந்தும் பேச்சு இல்லை என்றால் மீடியா தேர்வு ஏயூஐயில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிரான்ஸீவரின் எஸ்கியூஇ சுவிட்சை (மோதல் சிக்னலைச் சோதிப்பது) பாருங்கள். கம்ப்யூட்டர் கார்டுக்கு ஆன், ரிப்பீட்டருக்கு ஆஃப். தகட்டுப் பூட்டு உடைந்து கேபிள் தொங்குவதும் இங்கே சகஜம், கட்டிவிடுங்கள்.

## அறிகுறி: அரைமணி ஓடி, பிறகு அறுகிறது

மின்விசிறியின் தூசியைச் சுத்தம் செய்துவிட்டு, கேபினெட்டைத் திறந்து டேபிள் ஃபேன் காற்றில் ஓட்டிப் பாருங்கள். அறுவது நின்றால் சூடு. பிஎன்சி கார்டில் டிபி8392 இயல்பாகவே நன்றாகச் சுடும், அதைத் தொட்டுத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். கார்டை வேறு ஸ்லாட்டுக்கு, வீடியோ கார்டிலிருந்து தள்ளி மாற்றுங்கள். சாக்கெட்டில் அமர்ந்த சிப்புகள் சூட்டில் மெல்ல மேலே ஏறியிருக்கும். பெருவிரலால் அழுத்தி உட்காரவையுங்கள்.

## அறிகுறி: ஆன் செய்ததும் நெட்வொர்க்கைத் தேடிக்கொண்டே நிற்கிறது

கார்டில் 28 கால் சாக்கெட்டில் பூட் ரோம் (ROM) சிப், அதாவது நெட்வொர்க் வழியாக மெஷினைத் துவக்கும் சிப் இருக்கிறது; டிஸ்க் இல்லாமல் நாவல் நெட்வொர்க்கில் ஓடிய மெஷினில் இருந்த கார்டு அது. ஜம்பரிலோ செட்டப்பிலோ பூட் ரோமை அணையுங்கள். வழி இல்லாவிட்டால் சிப்பை இரு பக்கமும் மாற்றி மாற்றி நெம்பிக் கழற்றி, காலில் ஃபாயில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். சாக்கெட் காலியாக இருப்பதால் கார்டுக்குக் குறை ஒன்றும் இல்லை.

## அறிகுறி: லேப்டாப் கார்டு இருக்கிறது, கேபிள் செருக இடமே இல்லை

பிசி கார்டு வகையில் ஆர்ஜே-45 ஒரு குட்டை டாங்கிள் (இணைப்புக் கேபிள்) வழியாக வரும். டாங்கிள் தொலைந்திருந்தால் அதே மாடலின் டாங்கிள்தான் வேண்டும், பின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கார்டின் ஓரத்தை அழுத்தினால் மெல்லிய தட்டு வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். எக்ஸ்ஜாக் வகைகளில் சாக்கெட் உள்ளேயே ஒளிந்திருக்கும். இணைப்பு முனையில் புடைப்புள்ள தங்கத் தகடு இருந்தால் 32 பிட் கார்டுபஸ், 486 லேப்டாப்பின் 16 பிட் ஸ்லாட்டில் இறங்காது.

டாங்கிள் கிடைக்கவில்லை என்றால் பிரிண்டர் போர்ட்டில் செருகும் ஸிர்காம் பாக்கெட் அடாப்டர் போன்றவை உதவும். வேகம் குறைவு. அதுவும் இல்லை, உள்ளே இருப்பது யாருடைய ஒரே கணக்குப் பிரதியோ என்றால் கார்டோடு போராடாதீர்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ டிஸ்க் படிக்கத் தெரிந்த டேட்டா ரெக்கவரி ஆளிடம் கொடுங்கள். அதற்கு முன் அந்த மெஷினை மறுபடி ஆன் செய்ய வேண்டாம்.